ஸ்கேன் அறையில் பயிலும் மருத்துவர்: கதிரியல் பட்டமேற்படிப்பின் மூன்று ஆண்டுகள்

ஸ்கேன் முடிந்து வெளியே வரும் நோயாளிகளின் உறவினர்கள் எங்கள் துறையின் வரவேற்பு மேசையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “உள்ளே பார்த்தது பெரிய டாக்டரா, படிக்கிற டாக்டரா?” கேள்வி நியாயமானது. தம் உடலுக்குள் பார்ப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், அவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்க்கிறாரா என்பதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆனால், வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது அக்கேள்விக்கு முழுமையாக விடையளிக்க இயலுவதில்லை. ஆகவே, கதிரியல் துறையில் பட்டமேற்படிப்புப் பயிலும் மருத்துவர்களின் படிப்பு, பணி, பொறுப்பு, சிரமம் ஆகியவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். இதனை அறிந்துகொள்வது உங்கள் பரிசோதனை சரியாக நடைபெறவும் உதவும்.

யார் இந்த மருத்துவர்?

எங்கள் துறையில் வெள்ளை அங்கி அணிந்து காணப்படுவோர் அனைவரும் ஒரே பணியைச் செய்பவர்கள் அல்லர். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்கிப் படம் எடுப்பவர் டெக்னீஷியன். அப்படத்தைப் படித்து அறிக்கை எழுதுபவர் கதிரியல் மருத்துவர். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மட்டும் படம் எடுப்பவரும் படிப்பவரும் ஒருவரே. அதனை மருத்துவரே நேரில் செய்கிறார்.

“படிக்கிற டாக்டர்” என்று மக்கள் குறிப்பிடுபவர், மருத்துவம் தெரியாத மாணவர் அல்லர். அவர் நான்கரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். பயின்று, ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றி, மருத்துவக் குழுமத்தில் பதிவுபெற்ற முழுமையான மருத்துவர். 2017-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நாடு முழுவதற்கும் பொதுவாக நடத்தப்படும் பட்டமேற்படிப்புக்கான நீட் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று இத்துறைக்கு வந்திருப்பவர். கதிரியல் இடங்கள் கலந்தாய்வில் விரைவாக நிரம்புபவை. ஆதலால் பலர் இரண்டு, மூன்று முறை தேர்வெழுதிய பின்னரே இங்கு வருகின்றனர். எம்.டி. பட்டத்திற்கு மேலும் மூன்று ஆண்டுகள். கணக்கிட்டால், பள்ளியை விட்டு வெளியேறி இத்துறையில் வல்லுநராகக் குறைந்தது எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் துறையில் பயில்வோரில் பெரும்பாலோர் இருபதுகளின் பிற்பகுதியில் இருப்பவர்கள். சிலருக்குத் திருமணமாகிக் கைக்குழந்தையும் உண்டு.

தமிழகத்தில் இப்படிப்பின் வேர்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கு வழங்கப்பட்டது. தொடக்க காலத்தில் எக்ஸ்ரே எடுப்பதை ஒரு தனி மருத்துவத் துறையாக எவரும் கருதவில்லை. படம் எடுப்பது எளிது, படிப்பதே கடினம் என்பது புரிந்த பின்னரே அதற்கெனப் பயிற்சி தேவைப்பட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், கேப்டன் பர்னார்டு அவர்களின் பெயரால் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையை முறையாகக் கற்பித்த முன்னோடி நிலையங்களுள் அதுவும் ஒன்று. இன்றும் அங்கே பட்டமேற்படிப்பு நடைபெற்று வருகிறது.

மதுரையில், முதியோர் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றும் பெரியாஸ்பத்திரி என்றும் குறிப்பிடும் அரசு இராஜாஜி மருத்துவமனையும், 1954-இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்டங்களுக்கு மருத்துவர்களை உருவாக்கித் தந்து வருகின்றன. திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ உங்களுக்கு ஸ்கேன் பார்த்தவர் இத்தகையதோர் இடத்தில் மூன்று ஆண்டுகள் இருட்டறையில் அமர்ந்து பயின்றவராகவே இருப்பார்.

சி.டி. ஸ்கேனின் வரலாற்றிலும் நம் மண்ணுக்குப் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் ஒரு கணக்குமுறையை வெளியிட்டனர். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே பதிவுகளிலிருந்து உடலின் குறுக்குவெட்டுப் படத்தை விரைவாக உருவாக்கும் முறை அது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுக்கப்பட்டது. எங்கள் மாணவர்கள் முதலாண்டில் பயிலும் இயற்பியல் பாடத்தில் இக்கணக்கும் இடம்பெறுகிறது. மருத்துவம் படிக்க வந்தோம், மீண்டும் இயற்பியலா என்று வருந்தாத மாணவர் அரிது. ஆனால், படத்தில் தெரியும் ஒரு கோடு எலும்பு முறிவா, நோயாளி அசைந்ததால் விழுந்த நிழலா என்று பிரித்தறிய அந்த இயற்பியலே துணை நிற்கிறது.

மூன்று ஆண்டுகளில் நடப்பது

முதலாண்டு மாணவர் முதலில் இயல்பான உடலைக் கற்கிறார். நோயை அடையாளம் காண, நோயற்ற உடல் எத்தனை வகையாகத் தோற்றமளிக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மார்பு எக்ஸ்ரேக்களைப் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் வரைவு அறிக்கை எழுதுகிறார், மூத்தவர் திருத்துகிறார். அல்ட்ராசவுண்டில் முதலில் மூத்தவரின் அருகில் நின்று பார்க்கிறார். பின்னர், மூத்தவர் அருகிலிருக்க, கருவியைத் தம் கையில் எடுக்கிறார். கணையம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வாயு நிறைந்த குடலுக்குப் பின்னால் அதைத் திரையில் கொண்டுவரக் கை பழக மாதங்கள் ஆகும். உங்களுக்கு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கருவி வைக்கப்பட்டால், அங்கே பெரிய நோய் இருக்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. பல நேரங்களில் அது ஒருவர் கற்றுக்கொள்வதன் அடையாளமே.

இரண்டாம் ஆண்டில் சி.டி., டாப்ளர், மார்பக எக்ஸ்ரே ஆகியவற்றோடு, ஸ்கேன் வழியே பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தித் திசு எடுக்கும் முறைகளும் சேர்கின்றன. மூன்றாம் ஆண்டில் எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், இளையோரை வழிநடத்தும் பொறுப்பு, சிக்கலான நோயாளிகள். இவற்றுக்கிடையே ஒவ்வொருவரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் ஓர் ஆய்வு செய்து ஆய்வேட்டை அளிக்க வேண்டும். “உங்கள் ஸ்கேனை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று மாணவர் ஒருவர் உங்களிடம் கேட்டு ஒப்புதல் படிவத்தை நீட்டலாம். விருப்பமில்லையெனில் மறுக்கலாம்; அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் நேராது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுவதும் இப்படிப்பின் பகுதியாகும். பெரிய கருவிகளும் மூத்த பேராசிரியர்களும் அருகில் இல்லாத இடத்தில், ஓர் அல்ட்ராசவுண்டையும் ஓர் எக்ஸ்ரேவையும் கொண்டு முடிவெடுக்க அங்கே கற்கின்றனர். இறுதியில் நான்கு எழுத்துத் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர்கள் முன்னிலையில் ஒரு படத்தைத் திரையில் இட்டு, “என்ன தெரிகிறது?” என்று கேட்பார்கள். மூன்றாண்டுப் படிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான ஆயத்தமே.

ஒரு நாளின் நடைமுறை

காலை எட்டு மணியளவில் முந்தைய இரவின் படங்களை மூத்த மருத்துவருடன் அமர்ந்து மீண்டும் பார்ப்பதுடன் நாள் தொடங்குகிறது. பிறகு பணியிடங்கள் பிரிக்கப்படுகின்றன: ஒருவர் அல்ட்ராசவுண்ட் அறைக்கு, ஒருவர் சி.டி.க்கு, ஒருவர் எம்.ஆர்.ஐ.க்கு, ஒருவர் எக்ஸ்ரே அறிக்கைகளுக்கு. அல்ட்ராசவுண்ட் அறைக்குச் செல்பவர் காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களை முதலில் பார்க்கிறார். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் நெடுநேரம் பசியோடு இருக்கக் கூடாதென்பதால் அவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது. பின்னால் வந்தவர் முன்னால் அழைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சி.டி. அறையில் இருப்பவரின் பணி வேறு. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன் நோயாளியின் கிரியேட்டினின் அளவு, ஒவ்வாமை, சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை அவர் கேட்டறிகிறார். ஏற்கெனவே வார்டில் கேட்ட கேள்விகளை இங்கே மீண்டும் கேட்பது சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. ஊசி போடுபவரே இறுதியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி.

ஒரு வயிற்று சி.டி.யில் பல நூறு படங்கள் இருக்கும். அவற்றைக் கல்லீரலுக்காக ஒருமுறை, நுரையீரலின் அடிப்பகுதிக்காக ஒருமுறை, எலும்புக்காக ஒருமுறை என்று வெவ்வேறு ஒளியமைப்பில் பார்க்க வேண்டும். பழைய படம் இருந்தால் ஒப்பிட வேண்டும். இதற்கிடையே தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அழைப்பும் ஓர் உறுப்பின் நடுவில் கவனத்தைத் துண்டிக்கும். ஆகவே, விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்த உறுப்பைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் பார்க்கவேண்டும் என்று மாணவர்களுக்கு நாங்கள் கற்பிக்கிறோம். “படம் எடுக்கப் பத்து நிமிடம், ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு நேரமா?” என்ற கேள்விக்கு விடை இதுவே.

மாலையில் பாட வகுப்புகள். அதன்பின் வெளியே இருள் சூழ்ந்திருக்கும். நாள் முழுதும் இருட்டறையில் இருந்தவருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. கழுத்து வலி, கண் எரிச்சல், அல்ட்ராசவுண்ட் செய்வோருக்குத் தோள்பட்டையிலும் மணிக்கட்டிலும் வலி ஆகியவை இத்துறையினரின் பொதுவான உபாதைகள்.

இரவும் திருவிழாவும்

இரவுப் பணியில் இருக்கும் மாணவரின் அறிக்கைக்காகவே சில நேரங்களில் முழு மருத்துவக் குழுவும் காத்திருக்கும். கை கால் ஒருபுறம் செயலிழந்து, வாய் கோணி வரும் பக்கவாத நோயாளியை எடுத்துக்கொள்வோம். இரத்தக்குழாய் அடைப்பினால் வந்த பக்கவாதமெனில், தகுதியுடைய நோயாளிகளுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். இரத்தக்கசிவினால் வந்ததெனில் அதே ஊசி உயிரைப் பறித்துவிடும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய இயலாது, தலை சி.டி. தேவை. நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்து, “இரத்தக்கசிவு இல்லை” என்று சொல்பவர் பெரும்பாலும் இருபத்தெட்டு வயது மாணவராக இருப்பார். ஐயம் இருப்பின் வீட்டிலிருக்கும் மூத்த மருத்துவரை எழுப்பிக் கேட்க வேண்டும் என்பது விதி. எழுப்பத் தயங்கக் கூடாது என்பதே நாங்கள் முதல் வாரத்தில் கற்பிக்கும் பாடம்.

தைத் திங்கள் முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அடுத்தடுத்த நாட்களில் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும். களத்தருகிலேயே முதலுதவிக் குழுக்கள் இருப்பினும், கொம்புக் குத்துப் பட்டவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படும். கொம்புக் காயத்தின் தன்மை வேறு. தோலில் இரண்டு விரல் அகலமே இருக்கும். உள்ளே கொம்பு சென்ற தடம் நீண்டிருக்கும், திசை மாறியுமிருக்கும். வெளிக்காயத்தைக் கொண்டு உள்காயத்தை அளவிட முடியாது. எனவே, அவசரப் பிரிவிலேயே வயிற்றின் நான்கு இடங்களில் அல்ட்ராசவுண்ட் பார்க்கப்படும்: கல்லீரலைச் சுற்றி, மண்ணீரலைச் சுற்றி, சிறுநீர்ப்பையின் பின்புறம், இதயத்தைச் சூழ்ந்த உறை. அங்கே கறுப்பாகத் தெரியும் திரவம் பெரும்பாலும் இரத்தமே. தேவையான நேரம் சில நிமிடங்கள். அதன்பின் நோயாளியின் நிலைக்கேற்ப சி.டி.க்கோ, நேரே அறுவை அரங்கிற்கோ செல்கிறார். ஊரெல்லாம் பொங்கல் கொண்டாடும் அந்நாட்களில் தம் வீட்டுப் பொங்கலை விட்டுவிட்டு மாணவர்கள் பணியில் இருப்பர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இரவும் அப்படியே.

இருவர் பார்ப்பது ஏன்?

இரவில் மாணவர் தருவது முதற்கட்ட அறிக்கை. மூத்த மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே அது இறுதி அறிக்கையாகிறது. இரண்டிற்கும் இடையே சில நேரங்களில் வேறுபாடு இருக்கும். அவ்வாறு இருப்பின், சிகிச்சையளிக்கும் மருத்துவருக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்கப்படும்; தேவையெனில் நோயாளி மீண்டும் அழைக்கப்படுவார். “நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறு சொல்கிறீர்களே” என்று குடும்பத்தினர் ஐயுறுவது இயல்பே. அவ்வேறுபாடு கண்டறியப்பட்டதே சரிபார்க்கும் முறை செயல்படுவதால்தான்.

ஒருவர் எவ்வளவு திறமையானவராயினும் இரண்டாவது பார்வை தேவை என்பதற்கு 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. கடைசிப் படத் தொகுப்பில், வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிதான ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை ஆய்வாளர்கள் பொதித்து வைத்திருந்தனர். 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் அனைவரும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். பலரது பார்வை அந்த உருவத்தின் மீதே சென்றிருந்ததும் பதிவாகியிருந்தது. ஒன்றைத் தேடும் மனம், தேடாத மற்றொன்றை எளிதில் விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒழுங்கான வரிசைமுறையில் எல்லா உறுப்புகளையும் பார்ப்பது, ஒரு நோயைக் கண்ட பின்னும் தேடலை நிறுத்தாதிருப்பது, மற்றொருவரைப் பார்க்கச் சொல்வது ஆகிய பழக்கங்களை மாணவர்களிடம் வலியுறுத்துகிறோம்.

இதில் உங்கள் பங்கும் உண்டு. மருத்துவர் எழுதித் தரும் ஸ்கேன் சீட்டில் “வயிற்று வலி” என்று மட்டும் இருந்தால், எதைத் தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. வலி எங்கே, எப்போது தொடங்கியது, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா என்று ஸ்கேன் அறையில் மாணவர் கேட்கும்போது விரிவாகச் சொல்லுங்கள்.

ஓய்வு நோயாளிக்கும் தேவை

மாணவர்களின் பணிநேரம் அவர்களது சொந்தப் பிரச்சினை மட்டுமன்று. 1984-இல் நியூயார்க்கில் லிபி சியான் என்னும் 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஒரு நாளுக்குள் இறந்தார். நெடுநேரம் ஓய்வின்றிப் பணியாற்றும் பயிற்சி மருத்துவர்களின் களைப்பும் அவர்களுக்குப் போதிய மேற்பார்வை இல்லாததும் அவ்வழக்கில் பெரும் விவாதமாயின. அதன் விளைவாக 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்திற்கு 80 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் அவ்வரம்பு நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில், 1992-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, தொடர்பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள், பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு நியாயமான பணிநேரமும் ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுப்பும், ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் தரப்பட வேண்டும் என்கின்றன. நோயாளிகள் மிகுதியாகவும் மருத்துவர்கள் குறைவாகவும் உள்ள இடங்களில் இவை எப்போதும் முழுமையாக நிறைவேறுவதில்லை என்பது இத்துறையில் இருப்போர் அனைவரும் அறிந்ததே. இரவுப் பணி முடித்த மாணவரைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அன்று அல்ட்ராசவுண்ட் அறையில் ஒருவர் குறைவார், வரிசை நீளும். அனுப்பாவிட்டால், உறக்கமின்றி இருக்கும் கண்கள் உங்கள் படத்தைப் பார்க்கும். இவ்விரண்டில் வரிசை நீள்வதையே நாங்கள் தெரிந்தெடுக்கிறோம். அவ்வாறு காத்திருக்க நேரும்போது பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

கதிர்வீச்சு குறித்து

“நாள் முழுதும் கதிர்வீச்சில் இருக்கிறீர்களே, பயமில்லையா?” என்று நோயாளிகள் அன்போடு கேட்பதுண்டு. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிர்கள் இல்லை. எக்ஸ்ரே, சி.டி. ஆகியவற்றில் உண்டு. அங்கே பணிபுரிவோர் ஈயக் கவசம் அணிந்து, அதன் உட்புறம் மார்பருகே டி.எல்.டி. எனப்படும் சிறு அளவுப் பட்டையைக் குத்தியிருப்பர். அது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்பப்பட்டு, அவர் பெற்ற கதிர்வீச்சு கணக்கிடப்படும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. முறையாகப் பணியாற்றுவோர் பெறும் அளவு இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். கருவுற்ற பெண் மருத்துவர்களுக்கு வரம்பு மேலும் கடுமையானது. அவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளிலும் பணி ஒதுக்கப்படுகிறது.

எக்ஸ்ரே எடுக்கும் கணத்தில் எல்லோரும் வெளியேறி நோயாளியை மட்டும் உள்ளே விடுவதைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். உங்களுக்கு அது சில படங்கள். அங்கே பணிபுரிபவருக்கோ ஆண்டுதோறும் பல ஆயிரம். அதனாலேயே அவர் விலகி நிற்கிறார்.

முதலில் அறிபவரின் பாரம்

இப்படிப்பில் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பகுதி உண்டு. கருவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டதை முதலில் காண்பவர் ஸ்கேன் அறையில் இருக்கும் மருத்துவர். தாய் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். வெளியே கணவரும் மாமியாரும் காத்திருப்பர். மருத்துவருக்குத் தெரிந்துவிட்டது, தாய்க்கு இன்னும் தெரியாது என்னும் அந்தச் சில நிமிடங்களில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் மாணவர் கற்க வேண்டியதே. இருமல் என்று வந்தவரின் மார்பு எக்ஸ்ரேயில் கட்டியைக் காண்பதும், மஞ்சள் காமாலை என்று வந்தவரின் கணையத்தில் புற்றைக் காண்பதும் இத்தகையவையே.

அந்நேரங்களில் மாணவர் எதுவும் சொல்லாமல், “சற்றுப் படுத்திருங்கள், மேடத்தை அழைத்து வருகிறேன்” என்று வெளியேறுவார். மூத்தவர் வந்து மீண்டும் பார்ப்பார். முடிவு உறுதியான பின், உங்கள் மருத்துவரிடம் நேரடியாகத் தெரிவிக்கப்படும். ஸ்கேன் மேசையிலேயே சொல்லாததற்குக் காரணங்கள் உண்டு. படத்தில் தெரியும் நிழல் என்ன நோய் என்று உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ திசுப் பரிசோதனையோ தேவைப்படலாம். என்ன சிகிச்சை, அடுத்து என்ன செய்வது என்று சொல்லக்கூடியவர் உங்கள் நோயை முழுதும் அறிந்த மருத்துவரே. அடுத்த வழியைச் சொல்லாமல் நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது நோயாளிக்குத் துன்பமே தரும்.

எனவே, எங்கள் மாணவர் பேசாமலிருந்தால் அதை அலட்சியம் என்று கொள்ள வேண்டாம். பெரிய நோய் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மூத்தவரை அழைப்பது அன்றாடம் நிகழ்வது, அவற்றுள் பெரும்பாலானவை சிறு ஐயங்களைத் தீர்த்துக்கொள்வதற்கே.

கேட்கக் கூடாத ஒரு கேள்வி

கர்ப்பிணியின் ஸ்கேன் அறையில் இளம் மருத்துவர்களிடம் குடும்பத்தினர் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி, குழந்தை ஆணா பெண்ணா என்பது. வயதில் மூத்தவர்கள் கெஞ்சிக் கேட்கும்போது மறுப்பது அவர்களுக்கு எளிதன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தமும் கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதைத் தடைசெய்கின்றன. தெரிவிக்கும் மருத்துவருக்கு முதல் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மருத்துவப் பதிவையும் இழக்க நேரிடும். பாலினத்தை அறிய முயலும் குடும்பத்தினருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வற்புறுத்தப்பட்டு வந்த கர்ப்பிணியைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்பிக் கையெழுத்துப் பெறுவது இதற்காகவே. எட்டரை ஆண்டுப் படிப்பை ஒரு சொல்லில் இழக்கும்படி எங்கள் மாணவர்களைக் கேட்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், குறுந்தகடு, அறிக்கைகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். ஒரு கட்டி இரண்டாண்டுகளாக அதே அளவில் இருக்கிறது என்று தெரிந்தால், தேவையற்ற பரிசோதனைகள் பல தவிர்க்கப்படலாம்.

2. சிறுநீரக நோய், ஆஸ்துமா, முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியால் ஏற்பட்ட ஒவ்வாமை, உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரைகள், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே தெரிவியுங்கள்.

3. பேஸ்மேக்கர், காது உட்பொருத்தி, உடலில் உலோகத் துண்டு ஆகியவை இருப்பின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன் சொல்லுங்கள். படம் எடுக்காத நேரத்திலும் அக்காந்தம் செயல்பட்டுக்கொண்டே இருக்கும். துணைக்கு வருவோரும் சாவி, கைப்பேசி, தாலிக்கொடியிலுள்ள ஊக்கு முதலியவற்றை வெளியே வைக்க வேண்டும்.

4. உங்களைப் பரிசோதிப்பவரின் பெயரையும் பொறுப்பையும் கேளுங்கள். மாணவர் எனில், உங்கள் அறிக்கையில் கையெழுத்திடும் மூத்த மருத்துவர் யார் என்றும் கேட்கலாம். இதில் எவரும் வருந்தமாட்டார்.

5. பெண் நோயாளிகள் பரிசோதனையின்போது பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டுமென்று கேட்கலாம். மார்பகம், அடிவயிறு ஆகியவற்றின் பரிசோதனைகளில் நீங்கள் கேட்காமலேயே அவ்வாறு ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

6. முதற்கட்ட அறிக்கையைப் பெற்றுக்கொண்டு ஊருக்குச் சென்றுவிட வேண்டாம். இறுதி அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டு, அதை உங்கள் மருத்துவரிடம் காட்டிய பின்னரே செல்லுங்கள். பதிவு மேசையில் நீங்கள் தரும் தொலைபேசி எண், அழைத்தால் எடுக்கக்கூடிய எண்ணாக இருக்கட்டும். அறிக்கையில் மாற்றம் இருந்தால் நாங்கள் அழைப்பது அந்த எண்ணைத்தான்.